ஆலயக் கோபுரமும் ஊர்ப்புற இணையமும்

கோபுரம் ஒன்று கட்ட விரும்புவோன் முதற்கண் உட்கார்ந்து, அதற்குரிய பொருள் தன்பால் உண்டோவெனக் கணக்கிட்டுப் பாரானோ என்று நம் ஆண்டவர் வினவிய உவமையை யாவரும் அறிவர். அவ்வாறு கணக்கிட்ட ஒருவன், தன் பொருள் போதாமை கண்டு, "அயலார் கட்டிவைத்த கோபுரம் ஒன்று ஊர்நடுவே நிற்கின்றதே, அதன் உச்சியில் ஒரு முழ இடம் கேட்டுப் பெறுவேன்" என்று எண்ணுவானாயின், அவன் யாரைக் கேட்டல் வேண்டும்? எவ்வாறு கேட்டல் வேண்டும்? கேட்கப்பட்டோர் யாது விடை பகர்தல் தகும்? இம்மூன்று வினாக்களையுமே ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுந்தேம்.

இணையம் இன்று செல்வர்தம் பொழுதுபோக்கு அன்று. பள்ளிப் பாடமும், மருத்துவர் அறிவுரையும், விளைபொருளின் விலையும், அரசினர்க்கு எழுதும் விண்ணப்பமும் அதன்வழியே செல்கின்றன. நகரத்தில் ஒரு தெருவில் நூறு வீடுகள் உளவாதலின் ஆங்குக் கம்பி புதைத்தல் ஊதியம் தரும். சிற்றூரிலோ, ஐந்தாறு கிலோமீட்டர் பள்ளம் தோண்டியபின் பத்து வீடுகளே காணப்படும். ஆகவே கம்பி புதைப்போர் அவ்வூர்களைக் கடைசியில் நினைக்கின்றனர். ஒரோவழி நினையாதே விடுகின்றனர். இக்குறையை நீக்குதற்கு எழுந்ததே கம்பியில்லா இணையம். அதற்கு வேண்டுவது உயரம் ஒன்றே.

உயரம் வேண்டுவது ஏன்?

இத்தொழிலிற் பயன்படும் நுண்ணலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல நேர்கோட்டிற் செல்வன. குன்றை ஊடுருவிச் செல்லா. ஈரம் பொதிந்த இலைகளாற் பெரிதும் விழுங்கப்படும். மாரியில் இலையுதிர்ந்த காலத்து நன்கு இயங்கிய தொடர்பு, வேனிலில் மரங்கள் தழைத்தவுடன் தளர்ந்துபோதல் இதனாலேயாம்.

அன்றியும், ஒரு முனையினின்று மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை செல்லும் கோட்டைச் சுற்றி நடுவே பருத்து இருபுறமும் குவிந்த கதிர்போன்ற ஒரு வெளியும் தடையின்றி இருத்தல் வேண்டும். ஒளியியல் வல்ல பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனெல் (1788–1827) என்பார் பெயரால் அவ்வெளி ஃபிரெனெல் மண்டலம் எனப்படும். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை 10 கிலோமீட்டர் செல்லுமிடத்து, நடுவில் இம்மண்டலத்தின் ஆரம் ஏறத்தாழ 11 மீட்டர். அதில் நூற்றுக்கு அறுபது பங்கு, அதாவது ஏறத்தாழ 7 மீட்டர், வெறுவெளியாதல் வேண்டும் என்பது தொழில்வல்லார் கொள்கை. நிலவுலகின் வளைவிற்காக ஒன்றரை மீட்டர் சேர்க்க. நடுவழியில் 15 மீட்டர் உயரமுள்ள மரங்கள் நிற்பின், இம்மூன்றையும் கூட்டக் கிடைப்பது இருபத்துமூன்றரை மீட்டர். இரு முனைகளும் அவ்வளவு உயரத்தில் இருந்தாலன்றித் தொடர்பு செவ்வனே நடவாது. ஆறு மாடிக் கட்டடத்திற்கு நிகரான இவ்வுயரம் ஒரு குடியானவன் வீட்டுக் கூரையில் எங்ஙனம் கிடைக்கும்?

புதிதாக இரும்புக் கோபுரம் எழுப்பலாமன்றோ எனின், ஆண்டுத்தான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கைச் சமவெளியூர்களில் தொலைதூரக் கம்பியில்லாத் தொடர்புகளை அமைத்து ஆராய்ந்தகாலை, ரேடியோக் கருவியின் விலையினும் அதனைத் தாங்கும் கோபுரத்தின் விலையே பன்மடங்கு மிகுதி எனக் கண்டனர். எனவே ஏலவே நிற்கும் உயர்ந்த கட்டடங்களை நாடுதல் சிக்கனம் மட்டுமன்று. சிற்றூர்த் தொண்டு நிலைபெறுதற்கே அடிப்படையாம். அமெரிக்க நாட்டு ஊர்ப்புறங்களில் தானியக் களஞ்சியங்களும் நீர்த்தொட்டிகளும் இவ்வாறு பயன்படுகின்றன. இங்கிலாந்திலோ, ஆலயக் கோபுரங்களே அவ்விடத்தைப் பெறுகின்றன. யாம் விரித்துரைக்கக் கருதியது இவ்விங்கிலாந்துச் செய்தியே.

நார்விச் தொடங்கிய வழி

இங்கிலாந்தின் கீழ்ப்பால் உள்ள நார்ஃபோக் மாவட்டம் தாழ்ந்த சமநிலம். குன்றுகள் அரிய, ஆனால் இடைக்காலத்தில் எழுந்த ஆலயங்கள் 600க்கும் மேற்பட்டன. கம்பளி வாணிகத்தாற் செல்வம் கொழித்த காலத்து, ஊர்தோறும் கல்லும் சுண்ணமும் கொண்டு மக்கள் எழுப்பிய கோபுரங்கள், இன்று அவ்வூர்கள் சிறுத்த பின்னரும் வயல்களுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கின்றன. ஒன்றன் உச்சியில் நின்று நோக்கின் நாற்புறமும் பிற கோபுரங்கள் புலனாம். நார்விச் பேராலயத்தின் கூம்பு 96 மீட்டர் உயரமுடையது. சாலிஸ்பரிப் பேராலயக் கூம்பு ஒன்றே அந்நாட்டில் அதனினும் உயர்ந்தது.

2011-ஆம் ஆண்டில் நார்விச் அத்தியட்சாதீனத்தார் ஓர் இணையக் கம்பெனியோடு கூடி 'வைஸ்பயர்' என்னும் முயற்சியைத் தொடங்கினர். பேராலயத்தையும் சிற்றூர் ஆலயக் கோபுரங்களையும் கண்ணிகளாகக் கொண்டு ஊர்ப்புறத்தார்க்கு இணையம் அளித்தல் அதன் நோக்கம். பின்னர் 2018 பிப்ரவரித் திங்களில் பிரிட்டிஷ் அரசினரும் இங்கிலாந்துத் திருச்சபையாரும் ஓர் இணக்கவுரையில் ஒன்றுபட்டனர். ஆலயக் கோபுரங்களையும் திருச்சபைக்குரிய பிற கட்டடங்களையும் ஊர்ப்புற இணையத்திற்கும் கைபேசித் தொடர்பிற்கும் பயன்படுத்துதலை ஊக்குவிப்பது அவ்வுரை. அத்திருச்சபையின் ஆலயங்களுள் நூற்றுக்கு 65 ஊர்ப்புறத்தன என அப்பொழுது எடுத்துக்காட்டப்பட்டது. பொருத்தப்படும் கருவிகள் ஆலயத்தின் தோற்றப்பொலிவையும் வரலாற்றுச் சிறப்பையும் கெடுத்தல் ஆகாது என்னும் வரம்பும் உடன் வகுக்கப்பட்டது.

இசைவு தருவோர் யார்?

இணக்கவுரை தலைநகரிற் கையெழுத்தாயிற்று என்றமையான், ஊர்க்கோபுரத்தின் கதவு தானே திறந்துவிடாது. திறவுகோல் உடையான் ஒருவன். இசைவு தரும் உரிமை உடையான் வேறொருவன். இவ்வேறுபாட்டை அறியாதார் பலர் தொடக்கத்திலேயே இடறுகின்றனர். கோயிற்பிள்ளை போன்ற ஓர் ஊழியர் அன்புடன் மேலே ஏற்றிக்காட்டுவர். கேட்க வந்தவரோ காரியம் முடிந்ததென்று மகிழ்ந்து கருவிகளை வாங்கிவிடுவர்.

இங்கிலாந்துத் திருச்சபையின் முறை யாதெனின்: ஊர்க்குருவும், ஆலயக் காவலரும், ஊர்ச்சபைக் குழுவினரும் முதற்கண் ஒருமனப்படுதல் வேண்டும். பின்னர் அத்தியட்சாதீனத்தின் அறிவுரைக் குழுவினர் கட்டடக்கலை நோக்கில் ஆராய்ந்து கருத்துரைப்பர். அதன்பின் சான்சலர் என்னும் திருச்சபை நீதிபதி 'ஃபாகல்ட்டி' எனப்படும் உத்தரவை அளித்தல் வேண்டும். அதற்கு முன்னர் ஊரார் அனைவரும் காணுமாறு 28 நாள் விளம்பரம் ஒட்டப்படும். மறுப்புடையோர் எவராயினும் அக்காலத்துள் எழுதித் தெரிவிக்கலாம். புறத்தோற்றம் மாறுமிடத்து உள்ளூர் அரசினரின் திட்ட அனுமதியும் வேண்டப்படலாம். கோபுரத்தில் வௌவால் குடியிருப்பின் அதனைக் கலைத்தற்கும் சட்டத் தடை உண்டு.

இவையெல்லாம் வீண் காலத்தாழ்வு என்று வெறுப்பார் உளர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். ஆலயம் இன்று வாழ்வார்க்கு மட்டும் உரியதன்று. கட்டியவர்க்கும், அதன் புறத்தே அடக்கம் செய்யப்பட்டவர்க்கும், இனி வருவார்க்கும் உரியது. அவருள் பேச இயலாதார் சார்பிற் பேசுதற்கே இந்நடைமுறைகள் எழுந்தன. ஆயின், கேட்போர் இதனை முன்னரே அறிந்து, பல திங்கள் காலம் ஒதுக்கிவைத்தல் வேண்டும்.

பிற கட்டடங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். களஞ்சியம் குத்தகைக்காரன் கையில் இருக்கும். நிலம் வேறொருவர்க்கு உரியதாகும். அடைமானம் வங்கியில் கிடக்கும். நீர்த்தொட்டியாயின் ஊராட்சியார் கூடித் தீர்மானித்தல் வேண்டும். யாவர்க்கும் உரியதனை ஒருவரிடம் மட்டும் கேட்டுப் பெற்ற இசைவு பின்னர்ப் பகையாய் முடியும்.

கேட்கும் முறை

முதன்முறை செல்லுங்கால் இடத்தைக் கேட்டல் ஆகாது. பார்வையை மட்டும் கேட்டல் வேண்டும். "மேலேறி நோக்க ஒருமுறை அனுமதிப்பீராக" என்பதே முதல் விண்ணப்பம். ஏறி, எவ்வெத்திசையில் எவ்வெவ்வூர் தெரிகின்றது, எம்மரம் மறைக்கின்றது என்று குறித்துக்கொள்ளுதல் நன்று. பயன்படாத கோபுரத்திற்காக ஓர் ஊரையே ஆவலுறச் செய்து பின் கைவிடுதல் கொடிது.

இரண்டாவது, கூட்டத்திற்குச் செல்லுங்காற் கருவியையே கையிற் கொண்டுபோதல் வேண்டும். கோபுரத்தில் 'ஆண்டெனா' என்றவுடன் மக்கள் மனத்தில் பேருருவம் ஒன்று தோன்றும். மேசைமேல் வைத்துக் காட்டின், அது ஒரு சோற்றுத்தட்டு அல்லது முறத்தளவினது என்பது விளங்கும். ஊரிணைப்புக்குரிய சிறுகருவி ஏறத்தாழ 10 வாட் மின்சாரம் கொள்வது. ஓராண்டு முழுதும் இடையறாது இயங்கினும் 88 யூனிட்டே ஆகும். இத்தகைய கணக்கை எழுதிக் கொடுத்தல் நூறு உறுதிமொழிகளினும் சிறந்தது. எத்தனை கருவிகள் வைக்கப்படும் என்பதையும் அன்றே மெய்யாகச் சொல்லல் வேண்டும். ஒன்று என்று சொல்லி ஏறி, ஆறாக இறங்குவோரை ஊரார் மறுமுறை நம்பார்.

மூன்றாவது, அச்சங்களைக் கேட்டல் வேண்டும். மணியடிப்போர், தாம் கயிறிழுக்கும்போது கோபுரம் அதிர்தலாற் கருவி கழன்று வீழுமோ என்பர். தாய்மார், அலைகளால் மக்களுக்குத் தீங்கு வருமோ என்பர். முதியோர், மின்கம்பி புதைக்கத் தோண்டுங்கால் தம் முன்னோர் எலும்பு கலைக்கப்படுமோ என்பர். இவற்றுள் ஒன்றையேனும் நகைத்துத் தள்ளுதல் அறிவுடைமை அன்று. அதிர்வுக்குப் பொறியாளர் அறிக்கையும், அலையாற்றலுக்கு உலகளாவிய பாதுகாப்பு வரம்பினுள் கருவி அடங்கியிருத்தலைக் காட்டும் அளவீடும், கல்லறைத் தோட்டத்திற்கு அதனை விலக்கிச் செல்லும் கம்பிவழியும் விடையாகும். இறுதியிற் கூறிய அச்சத்தையே யாம் பெரிதாக மதிக்கின்றேம். ஏனெனில் முன்னிரண்டும் கணக்கால் தீரும். இஃது மரியாதையால் அன்றித் தீராது.

தோற்றம் கெடுதலைத் தவிர்க்க ஓர் அழகிய வழி உண்டு. மணிக்கூண்டின் சாளரங்களில் மரத்தால் ஆகிய சாய்பலகைகள் இருக்கும். அலைகள் தடையின்றிச் செல்லும் கண்ணாடியிழைப் பலகைகளை அவ்வுருவிலேயே செய்து பொருத்தி, கருவியை உள்ளே மறைத்து வைக்கலாம். கீழே நிற்பார் வேறுபாடு காணார்.

வாடகையும் உடன்படிக்கையும்

கைபேசிக் கம்பெனி தரும் வாடகையைக் கேள்வியுற்ற ஊர்ச்சபையார், சிற்றூர் இணையம் நடத்துவோரிடமும் அதனையே எதிர்பார்ப்பர். முப்பது வீடுகளுக்கு இணையம் தருவோன் அதனைக் கொடுக்க முற்படின் ஓராண்டினுள் கடையை மூடுவான். ஆகலின் வாடகைக்கு ஈடாக ஆலயத்திற்கும் பள்ளிக்கும் கட்டணமின்றி இணையம் தருதலும், வீடுகளின் தொகை பெருகுந்தோறும் ஒரு பங்கு அளித்தலும் இருவர்க்கும் ஒத்த நெறியாம்.

பிரிட்டனில் 2017 டிசம்பர் 28-இல் நடைமுறைக்கு வந்த மின்னணுத் தொடர்புச் சட்டவிதி, உரிமம் பெற்ற கம்பெனிகள் இடம் கிடையாதவழி நீதிமன்றம் செல்ல வழிவகுத்தது. கொடுக்கவேண்டிய தொகையும் தொலைத்தொடர்பால் வரும் ஊதியத்தைக் கருதாது, நிலத்தின் பிற மதிப்பைக் கொண்டே கணிக்கப்படும் என்றது. இதனால் வாடகைகள் தாழ்ந்தன; இடமுடையோர் பலர் மனம் கசந்தனர். தொடர்பு விரைந்து பரவுதல் நன்றே. ஆயினும் வலிந்து பெற்ற இடத்தில் நள்ளிரவிற் கருவி பழுதுற்றால், குளிரில் எழுந்து வந்து கதவு திறப்பார் யார்? சட்டம் இடத்தைத் தரலாம், நட்பைத் தாராது.

உடன்படிக்கையில் மறவாது எழுதவேண்டுவன சில. எத்துணை ஆண்டு? எவ்வெப்பொழுது ஏறலாம்? வழிபாடு, திருமணம், அடக்கம் ஆகிய வேளைகள் விலக்கப்படுதல் வேண்டும். மின்கட்டணம் யார் பொறுப்பு? தனி அளவி வைத்தல் நன்று. ஆணி எங்கே அடிப்பது? கல்லில் அன்று, கற்களின் இடைச்சாந்தில். அதுவும் துருப்பிடியா உலோகத்தாலாதல் வேண்டும். இரும்பு துருவேறிப் பருத்தால் கல்லையே பிளந்துவிடும். இடிதாங்கியோடு இணைத்தல், காப்புறுதி, கூரை பழுதுபார்க்குங்காற் கருவியைத் தற்காலிகமாக அகற்றும் செலவு, பிறர் கருவியைச் சேர்த்து வைத்தற்குப் புதிய இசைவு ஆகியனவும் குறிக்கப்படல் வேண்டும்.

இவையனைத்தினும் முதன்மையானது முடிவைப் பற்றிய விதி. தொடங்குவார் எவரும் முடிவை நினையார். கோபுரங்கள் ஐந்நூறு ஆண்டு நின்றவை. கம்பெனிகளோ பல, பத்தாண்டும் நில்லாதவை. கம்பெனி மறைந்தபின் துருவேறிய தட்டும் அறுந்த கம்பியும் கோபுரத்திலேயே தொங்குமாயின், அவற்றை இறக்குவோர் யாவர்? அதற்குரிய தொகையைத் தொடக்கத்திலேயே ஈடாக வைக்கச்செய்தல் கடுமை அன்று, முன்னறிவேயாம்.

ஓர் ஐயமும் விடையும்

இனி, கிறிஸ்தவராகிய நம் உள்ளத்தில் எழுதற்குரிய ஐயம் ஒன்று உளது. இணையத்தின்வழி நன்மையே செல்லுமோ? தீமையும் செல்லுமன்றோ? தூய இடத்தின் உச்சி அதற்குத் துணையாகலாமோ?

இவ்வினா நீதிமன்றத்திலேயே எழுந்தது. லண்டனைச் சார்ந்த சிங்ஃபோர்டு என்னும் ஊரில், புனித பேதுரு பவுல் ஆலயத்திற் கைபேசிக் கருவி வைக்க உத்தரவு வேண்டியபோது, ஆபாசப் படங்கள் அதன்வழியே செல்லக்கூடும் என்னும் காரணத்தால் செம்ஸ்ஃபோர்டு அத்தியட்சாதீனச் சான்சலர் மறுத்தார். மேல்முறையீட்டில் கான்டர்பரி மாகாணத்து ஆர்ச்சஸ் நீதிமன்றம் 2007-இல் அத்தீர்ப்பை மாற்றி உத்தரவு அளித்தது. அவ்வூர் சிற்றூர் அன்றாயினும் அவ்வழக்கு எல்லா ஊர்க்கும் படிப்பினையாம்.

மறுத்த சான்சலரை எள்ளுதல் தகாது. கருவியால் வரும் பணத்தைப் பெறுவோர் அதனால் வரும் பழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்னும் அவர்தம் கவலை மெய்யானது. எனினும் யாம் மேல்முறையீட்டின் முடிவையே தழுவுகின்றேம். ஆலயவாயிலை ஒட்டிய சாலையில் கள்வனும் நடக்கின்றான், மருத்துவனும் நடக்கின்றான். கள்வனை நினைந்து சாலையை அடைப்பாரில்லை. தீயன செல்லக்கூடும் என்று சிற்றூரின் வழியை அடைப்பின், தீயோர் நகர்க்குச் சென்று தீமையைத் தேடிக்கொள்வர். நோயாளியும் மாணவனுமே வழியின்றி நிற்பர். ஆனால் வழியைத் திறந்துவிட்டோர்க்கு, அவ்வழியில் நடக்கும் இளைஞர்க்கு நன்னெறி புகட்டும் கடமை இரட்டிப்பாகின்றது. உத்தரவு பெற்றமையான் அக்கடமை தீர்ந்துபோகாது.

முடிவுரை

நம் நாட்டிலும் இதன் பயனைக் கண்டார் உளர். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையார், அமெரிக்க நாட்டுப் பெர்க்லிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரோடு கூடி, 2006-ஆம் ஆண்டை ஒட்டித் தொலைதூரக் கம்பியில்லாத் தொடர்புகளை அமைத்தனர். சிற்றூர்க் கண்ணொளி நிலையத்தில் அமர்ந்த முதியவர், தேனியிலுள்ள மருத்துவரைத் திரையிற் கண்டு பேச இயன்றது. பேருந்துச் செலவும் ஒருநாட் கூலியிழப்பும் இன்றிக் கண்ணுக்கு மருந்து கிடைப்பது எத்துணை நன்மை என்பதை உழவர் குடியிற் பிறந்தோர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டா.

செயற்கைக்கோள்வழி இணையமும் இன்று வந்துளது. ஆகவே சில ஊர்கட்குக் கோபுரம் வேண்டாமற்போகலாம். எனினும் பொதுவுடைமையாகிய ஓரிடத்தைப் பொதுநலத்திற்குக் கேட்டலும், கொடுத்தலும், கொடுத்ததைப் பழுதின்றித் திருப்பித் தருதலும் எக்காலத்தும் கற்கத்தக்க அறமேயாம். இக்கல்லூரியிற் பயில்வாருட் பலர் நாளை சிற்றூர்களில் ஆசிரியராகவும் குருமாராகவும் ஊராட்சி உறுப்பினராகவும் அமர்வர். ஒருநாள் கையில் ஒரு சிறு கருவியோடு எவரேனும் ஒருவர் அவர்முன் வந்து நின்று, "உங்கள் கோபுரத்தில் சிறிது இடம் வேண்டும்" என்பர். அப்பொழுது அவரை உடனே துரத்தாமலும், உடனே திறவுகோலைக் கொடுத்துவிடாமலும், அமரச்செய்து, கருவியைக் கையில் வாங்கிப் பார்த்து, "எத்தனை வீட்டார்க்குப் பயன்படும்? முடிவில் யார் இறக்குவர்?" என்னும் இரு வினாக்களை முதற்கண் வினவுவாராயின், இச்சிறு கட்டுரையை எழுதிய பயனை யாம் பெற்றேம் ஆவேம்.